ஒரே பாவில் மூன்று புடவை

கல்யாணம் என்றால் இரு வீட்டாரும் கலந்து பேசித் தீர்க்கவேண்டிய விஷயங்கள் நூறு இருக்கின்றன. ஜாதகம், சத்திரம், சமையல்காரர், நாதஸ்வரம் என்று எல்லாவற்றையும் முடித்துவிட்டதாக ஆண்கள் நிம்மதியாக வெற்றிலை போட உட்காரும்போது, உண்மையான பேச்சு ஜவுளிக்கடையில் ஆரம்பமாகிறது. அந்தப் பேச்சில் தலையிடாமல், கடை வாசலில் ஒரு நாற்காலியைத் தேடிக்கொண்டு பத்திரிகை படிக்கிறவன் பாக்கியசாலி.

தாய்மாமனாகப் பிறந்தவனுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. எங்கள் குடும்பத்தில் கூறைப்புடவை மாமன் வீட்டுச் சீர். என் அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவளையே கேட்டேன், "உனக்கு எந்த மாதிரிப் புடவை வேண்டும் அம்மா?" என்று.

"நீங்கள் வாங்கித் தருகிற புடவையை மறுநாளும் நான் கட்டவேண்டும், மாமா. அதற்கு அடுத்த வருஷமும் கட்டவேண்டும். ஒரு நாள் கட்டிவிட்டு, ஆயுள் முழுவதும் பீரோவில் வைத்துக் கும்பிடுகிற புடவை வேண்டாம்."

கேட்பதற்கு எளிய வரம்தான். ஆனால் அவளுக்கு இன்னொரு நிபந்தனையும் இருந்தது. புழுவைக் கொன்று எடுத்த புதுப்பட்டு வேண்டாம் என்றாள். பட்டு எப்படி வருகிறது என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ஒரு கூட்டிலிருந்து ஆயிரம் மீட்டர் அளவுக்கு அறுபடாத இழை கிடைக்கிறது. அது அறுபடாமல் கிடைக்கவேண்டுமென்றால் உள்ளே இருக்கும் உயிர் கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடக் கூடாது. ஆகவே கூட்டை வெந்நீரில் போடுகிறார்கள். காஞ்சிப் பெரியவர் பல ஆண்டுகளுக்கு முன்பே பட்டைத் தவிர்க்கச் சொன்னதும் இதனால்தான். பூச்சி பறந்துபோன பிறகு கூட்டைப் பஞ்சுபோல் நூற்று நெய்கிற அகிம்சைப் பட்டும் வந்திருக்கிறது. குசும ராஜய்யா அந்த முறைக்குப் பெயர் பெற்றவர். அந்தப் பட்டுக்கு மினுமினுப்புச் சற்றுக் குறைவு.

அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் கண் கலங்கிவிட்டது.

"அவள் குழந்தை, பேசுகிறாள். நீயுமாடா? அத்தான் இருந்திருந்தால் இந்தக் கல்யாணம் எப்படி நடந்திருக்கும்! அப்பா இல்லாத பெண், பருத்திப் புடவையில் ஒப்பேற்றிவிட்டார்கள் என்று சம்பந்தி வீட்டில் ஒரு சொல் வந்தால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வேன்?"

இதற்கு என்ன பதில் சொல்வது? புழுவுக்காக வாதாடலாம், பணத்துக்காகவும் வாதாடலாம். பதினொரு வருஷமாக ஒற்றை ஆளாய் நின்று பெண்ணைப் படிக்கவைத்த ஒரு தாயின் மானத்தோடு யார் வாதாடுவது? புடவை என்பது வெறும் ஆறு கஜத் துணியாக இருந்தால் நம் வீடுகளில் பாதிச் சண்டைகள் நடக்கவே நடக்காது.

இந்திரா காந்தியின் கதையை எடுத்துச் சொன்னேன். 1942-ல் அலகாபாத்தில் அவர் மணக்கோலத்தில் உட்கார்ந்தது, தகப்பனார் நேரு சிறையில் நூற்ற நூலில் நெய்த இளஞ்சிவப்புக் கதர்ப் புடவையில். 1968-ல் அதே புடவையை மருமகள் சோனியா தம் கல்யாணத்தில் கட்டிக்கொண்டார். அக்கா முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவர்கள் நேரு வீட்டுக்காரர்கள். அவர்கள் கந்தையைக் கட்டினாலும் தியாகம் என்பார்கள். நாம் கட்டினால் தரித்திரம் என்பார்கள்" என்றாள். நாவலாசிரியனான எனக்கு அவ்வளவு கச்சிதமாக ஒரு வாக்கியம் எழுத வராது.

கடைசியில் மூன்று பேருமாகக் காஞ்சிபுரத்துக்குப் புறப்பட்டோம். காஞ்சிபுரம் என்றால் பட்டு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பருத்தியிலும் கோர்வை வைத்து நெய்கிறவர்கள் அங்கே உண்டு. பிள்ளையார்பாளையத்தில் ஒரு சந்துக்குள், தெரிந்தவர் ஒருவர் மூலம் அப்படிப்பட்ட ஒரு நெசவாளியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். முன்கூடம் முழுவதையும் தறி அடைத்துக்கொண்டிருந்தது. உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் இரண்டு நாடா, ஆக மூன்று. ஒவ்வோர் ஓட்டத்திலும் உடலின் இழையும் கரையின் இழையும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளவேண்டும். ஒருவரால் ஆகிற காரியம் அல்ல. பக்கத்தில் அவர் மனைவி உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

எங்களுக்கு வேண்டியதைச் சொன்னோம்: அரக்கு உடல், மாம்பழ மஞ்சள் கரை, கரையில் ஒரே ஒரு கோடு அசல் சரிகை. அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஒரு புடவைக்கென்று பாவு போட முடியாதுங்க ஐயா. போட்டால் மூணாவது இறக்கணும். உடல் நிறம் வேறயா வேணும்னாலும் ஊடையை மாத்திக் கொடுக்கிறேன்."

கூலியைக் கேட்டேன். பட்டுக்குக் கிடைப்பதில் பாதிக்கும் குறைவாகச் சொன்னார். "வேலை அதே வேலைதானே?" என்றாள் என் மருமகள். "வேலை அதே வேலைதாம்மா. பருத்தின்னா யாரு அவ்வளவு கொடுக்கிறாங்க?" என்றார் அவர். தம் மகன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டதாகவும் சொன்னார். அதைக் குறையாகச் சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா என்று எனக்குப் புரியவில்லை.

பட்டுக்கு உண்டான கூலியையே தருவதாகத் தீர்மானம் ஆயிற்று. தீர்மானம் செய்தவள் அக்கா. அதுவரையில் ஒரு வார்த்தையும் பேசாமல், அந்த அம்மாள் நாடாவைத் தள்ளுகிற கையையே பார்த்துக்கொண்டிருந்தவள், "பட்டு விலை கொடுத்த புடவையை யாரும் மட்டம் என்று சொல்லமுடியாது" என்றாள். காரணம் அவளுடையது, நியாயம் எல்லோருக்கும் பொதுவானது.

பாவில் மூன்று புடவை அல்லவா? ஒன்று கல்யாணப் பெண்ணுக்கு. ஒன்று என் மனைவிக்கு. மூன்றாவது யாருக்கு என்று கேட்கவேண்டிய அவசியமே இல்லை. ஆனால் நிறம்? அத்தான் போனதிலிருந்து அக்கா சாம்பலும் வெளிர்நீலமும் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. நான் தயங்கிக்கொண்டே, "உனக்கு வேண்டுமானால் ஊடையை மாற்றச் சொல்லலாம் அக்கா" என்றேன்.

அவள் மகளைப் பார்த்தாள். மகள் வாய் திறக்கவில்லை. தாயின் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"எதற்கு மாற்றவேண்டும்? ஒரே பாவில் வருவது ஒரே மாதிரி இருக்கட்டும்" என்றாள் அக்கா.

முகூர்த்தம் அந்தப் பருத்திக் கூறையில் நடந்தது. மாலை வரவேற்புக்கு என் அம்மாவின் பழைய பட்டுப்புடவை. பழம்புடவைக்காரர் ஒருவர் சரிகைக்காக எடைபோட்டு விலை பேசி, நாங்கள் கொடுக்காமல் வைத்திருந்த புடவை அது. மடிப்பில் இற்றிருந்த இடங்களைத் தையற்காரர் உள்பக்கம் துணி கொடுத்துச் சீராக்கித் தந்தார். புதிதாக எந்தப் புழுவும் சாகவில்லை.

சம்பந்தி வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். சொன்னார்கள். மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி கரையை விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, "பருத்தியா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குத்தானே அக்கா அத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தாள்! அரக்குப் புடவையில் நிமிர்ந்து நின்றபடி, "ஆமாம். என் தம்பி தறியில் சொல்லி நெய்து வாங்கினான். எனக்கும் அதே பாவில்தான்" என்றாள். அத்தைக்கு மேலே கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

கூறை என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் துணி என்பதுதான் பொருள். பட்டு என்றோ, சரிகை என்றோ அதில் எங்கும் இல்லை. அதை எந்த நூலில் நெய்வது, நெய்தவருக்கு என்ன கொடுப்பது, எத்தனை நாள் கட்டுவது என்பதெல்லாம் அந்தந்த வீடு முடிவு செய்யவேண்டியவை. என் மருமகள் அந்தக் கூறையை இதுவரை ஆறேழு முறை துவைத்துக் கட்டிவிட்டாள். போன மாதம் ஆபீசுக்கே கட்டிக்கொண்டு போனாளாம். அக்கா தன்னுடையதை இரண்டு முறை கட்டியிருக்கிறாள்.