மாப்பிள்ளை வைத்த கடல் மீன் தொட்டி

திருப்பாப்புலியூரில் இருக்கும் என் பெரிய மாப்பிள்ளைக்குக் கடல் மீன் தொட்டி வைக்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. தங்க மீன் விடும் நன்னீர்த் தொட்டி இல்லை. உப்புத் தண்ணீர், பவளம், கலர் கலராக மீன் என்று ஒரு சின்னக் கடலே கூடத்தில் இருக்க வேண்டும் என்றார். பிரான்சில் இருக்கும் என் தம்பி மகன் இப்படி ஒன்று வைத்திருக்கிறான். அவன் ஒன்பது பக்கத்துக்குத் திட்டம் எழுதி அனுப்பினான், அத்தனையும் பிரெஞ்சில். நான் பள்ளிப் படிப்பைப் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் வாசித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. ஆயுசு முழுக்கக் கோப்பு பார்த்த கை சும்மா இருக்குமா? தனியாக ஒரு ஃபைலே போட்டுவிட்டேன்.

இந்தக் கண்ணாடித் தொட்டி விஷயத்திலும் ஒரு பிரெஞ்சுக்காரிதான் முன்னோடி. ழான் வில்ப்ரூ பவர் என்று பெயர். துணி தைக்கும் வேலையில் இருந்தவர். திருமணமாகி சிசிலித் தீவின் மெசினா நகருக்குப் போனவர், 1832-இல் கண்ணாடித் தொட்டி செய்து அதில் கடல் உயிர்களை விட்டுக் கவனித்தார். ஆர்கனாட் என்ற ஒரு வகைக் கணவாய் இனம் தன் ஓட்டைத் தானே செய்கிறதா, வேறு பிராணியின் ஓட்டில் குடியேறுகிறதா என்று அந்தக் காலத்துப் பெரிய பெரிய ஆட்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். தானே செய்கிறது என்று நிரூபித்தவர் இந்த அம்மாள்.

ஃபைலில் முதல் தாள் எடை. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் 24 கன அடி. விளிம்புவரை நிரப்பினால் 680 லிட்டர். உப்புத் தண்ணீர் கொஞ்சம் கனம் அதிகம், 700 கிலோ வந்துவிடும். 12 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டும் 120 கிலோ. மணல், கல், இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் ஒரு டன். மாடியில் வைக்கலாம் என்றிருந்த மாப்பிள்ளை, இந்தக் கூட்டலைப் பார்த்துவிட்டுக் கீழ்க்கூடத்துக்கு இறங்கி வந்தார்.

இரண்டாவது தாள் தண்ணீர். தேவனாம்பட்டினம் பக்கத்தில் இருக்கும்போது கடல் தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று பலரும் கேட்டார்கள். நம் கரையில் பெண்ணையாறு, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் என்று வரிசையாக ஆறுகள் விழுகின்றன. வண்டலும் சேறும் கலந்த தண்ணீர். மன்னார் வளைகுடாவில் இருப்பது போன்ற பவளத் திட்டுகள் நம் பக்கம் இல்லாததற்கும் இது ஒரு முக்கியக் காரணம். பவளத்துக்குத் தெளிந்த தண்ணீரும் வெயிலும் வேண்டும். அதனால் ஆர்.ஓ. தண்ணீரில் அதற்கென்றே விற்கும் உப்பைக் கலப்பதுதான் முறை. லிட்டருக்கு 35 கிராம். கல்லும் மணலும் போக 600 லிட்டர் என்று வைத்தால் 21 கிலோ உப்பு.

தினமும் தண்ணீர் ஆவியாகும், ஆனால் உப்பு அப்படியே தங்கிவிடும். மரக்காணம் உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது.

மூன்றாவது தாள் சூடும் கரண்டும். தண்ணீர் 25, 26 டிகிரியில் இருந்தால் நல்லது. நம் ஊர் கத்தரி வெயிலில் அது தானாக நடக்காது, சில்லர் வேண்டும். சில்லர், மோட்டார், விளக்கு எல்லாம் சேர்த்துச் சராசரி 300 வாட் என்று போட்டாலும், இரண்டு மாதத்துக்கு 430 யூனிட்டுக்கு மேல் ஆகிறது. வீட்டுச் செலவு தனி.

கரண்ட் போனால் என்ன செய்வது? 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் நம்மை அடித்ததை யாரும் மறந்திருக்க முடியாது. எத்தனையோ ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மோட்டார் நின்றால் சில மணி நேரத்தில் தண்ணீரில் பிராணவாயு குறைய ஆரம்பித்துவிடும். 150 ஆம்பியர் பாட்டரி ஒன்று, 30 வாட் மோட்டாரை ஒரு நாளுக்கு மேல் ஓட்டும். சில்லரையும் சேர்த்து ஓட்டினால் ஐந்தாறு மணி நேரம்தான். அதனால் இன்வெர்ட்டரில் மோட்டார் மட்டும் என்று முடிவு செய்தோம். அதற்கு மேல் கையால் இயக்க ஒரு ஏர் பம்பும் வாங்கி வைத்தோம்.

இதுவரை மாமனாரும் மருமகனும் ஒற்றுமைதான். நான்காவது தாளில் வந்தது சிக்கல்.

அதில் என் தம்பி மகன் 'பியேர் விவாந்த்' என்று எழுதியிருந்தான். உயிருள்ள கல் என்று அர்த்தம். பவளத் திட்டிலிருந்து எடுத்த, நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கல். அதன் கீழே பவள வகைகள் ஏழெட்டு. நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் 2001-இல் பவளங்களைச் சேர்த்துவிட்டார்கள். கடல் குதிரையும் அதில் உண்டு. புலிக்கும் யானைக்கும் இருக்கும் அதே அட்டவணை. பிடிபட்டால் மூன்று முதல் ஏழு வருடம் சிறை.

மாப்பிள்ளை ஏற்கனவே வெளியூரில் ஒரு கடையில் விசாரித்திருந்தார். கொண்டுவந்து தருகிறோம், ஆனால் பில் கிடையாது என்றார்களாம். பில் இல்லை என்ற சொல்லே எனக்குப் போதும்.

"மாமா, பிரான்ஸ்ல எல்லாரும் வெச்சிருக்காங்க. இங்க மட்டும் என்ன?" என்றார்.

"அங்க பண்ணையில துண்டு போட்டு வளர்த்து, பேப்பரோட விக்கறாங்க மாப்பிள்ளை. இங்க அப்படி இல்லை. நீங்க அரசுப் பள்ளி வாத்தியார். ஒரு எஃப்.ஐ.ஆர். போட்டா வேலை என்ன ஆகும்?"

எழுந்து போய்விட்டார். பதினைந்து நாள் என்னோடு பேச்சில்லை. மகள்தான் நடுவில் கஷ்டப்பட்டாள்.

நம் வயதுக்காரர்களுக்கு இது அதிகக் கெடுபிடியாகத் தோன்றலாம். ராமேஸ்வரம் போய்வந்த வீடுகளில் ஷோகேசில் வெள்ளைப் பவளக் கட்டை இருந்த காலத்தைப் பார்த்தவர்கள் நாம். அது கல் இல்லை, கோடிக்கணக்கான சிறு பிராணிகள் கட்டிய கூடு என்று அன்றைக்கு யார் சொன்னார்கள்? தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்காகப் பல வருடம் பவளத்தை வெட்டினார்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். அவற்றில் இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்கு அடியில். போதாக்குறைக்கு 2016 கோடையில் கடல் சூடாகி அங்கே பவளங்கள் வெளுத்தன. தனக்குள் குடியிருந்து சோறு போடும் பாசியைப் பவளம் இழந்துவிடுவதுதான் வெளுப்பது. அது நீடித்தால் பவளம் பட்டினியால் சாகும். மிச்சம் இருப்பதில் ஒரு துண்டை உடைத்துத் திருப்பாப்புலியூர் கூடத்தில் வைத்து, கரண்ட் போகும் நாளில் அதைச் சாகவிடுவதில் என்ன பெருமை?

பதினாறாவது நாள் மாப்பிள்ளையே வந்தார். "மாமா, அந்த நாலாவது பக்கத்தை எடுத்துடுங்க. மீதியை ஆரம்பிப்போம்" என்றார். ஏன் மனம் மாறினார் என்று நான் கேட்கவில்லை. மாமனார்கள் சில கேள்விகளைக் கேட்காமல் இருப்பது நல்லது.

செராமிக்கில் செய்த செயற்கைப் பாறை வாங்கினோம். அதிலும் சிறு சிறு துளைகள் உண்டு, நுண்ணுயிர்கள் தங்கும். தண்ணீர் ஊற்றியதும் மீன் விடக் கூடாது. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா விஷம். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை நைட்ரேட் ஆக்கும். இந்த இரண்டும் பாறையில் போதுமான அளவு பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். ஆறு வாரமும் பேரன் தினம் வந்து, "மீன் எங்க தாத்தா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு இரண்டு கோமாளி மீன்கள் வாங்கினோம், பண்ணையில் பொரித்தவை, பில்லோடு. சிதம்பரம் பக்கத்தில் பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்திலும், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும் இந்த மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்ய வைத்திருக்கிறார்கள். பவளத் திட்டில் வலை போட்டுப் பிடிக்க வேண்டியதே இல்லை. இந்த மீன் பிறக்கும்போது எல்லாமே ஆண். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். அது செத்துப்போனால் அடுத்தது பெண்ணாகும். இதைச் சொன்னதும் என் வீட்டம்மா சிரித்த சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று.

இப்போது ஃபைலில் தாள்கள் கூடிவிட்டன. உப்பு, சூடு, அமோனியா என்று வாரம் ஒருமுறை அளந்து மாப்பிள்ளை எழுதுகிறார், சனிக்கிழமை நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். பார்க்க விரும்பும் நண்பர்கள் மாலை ஆறு மணிக்கு மேல் வரலாம், விளக்கு எரியும். கண்ணாடியைத் தட்டக் கூடாது என்பது பேரன் போட்ட உத்தரவு.