பாட்டும் தீர்ப்பும்

பாடலொன்றைக் கேட்டவுடன் ‘நன்று’ என்றோ ‘நன்றன்று’ என்றோ கூறாதிருத்தல் மனிதர்க்கு அரிது. கறியிலே உப்புக் குறைந்தது என்று சொல்வதற்குச் சமைக்கத் தெரிந்திருக்க வேண்டும் என எவரும் விதிப்பதில்லை. அவ்வாறே பாட்டைப் பற்றிப் பேசுவதற்கும் பாடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகள் மனிதரின் இவ்வியல்பையே முதலாகக் கொண்டு வளர்ந்தவை. மேடையின் முன்னே நடுவர் மூவரோ நால்வரோ வீற்றிருக்க, அதனை வீட்டிலிருந்து காண்போர் யாவரும் தத்தம் நாற்காலிகளில் நடுவராகிவிடுகின்றனர். இவ்வீட்டு நடுவரின் தீர்ப்பு எவற்றால் ஆக்கப்படுகின்றது, அதன் பெறுமதி யாது என்பன சிந்திக்கத் தக்கன.

இலங்கைத் தமிழர்க்கு இந்நடுவர் பதவி புதியதன்று. 1952இல் இலங்கை வானொலியில் அமீன் சயானியின் குரலோடு தொடங்கிய ‘பினாக்கா கீத்மாலா’, இந்தித் திரைப்பாடல்களை நேயர் விருப்பத்தையும் இசைத்தட்டு விற்பனையையும் கொண்டு வாரந்தோறும் வரிசைப்படுத்தியது. தமிழில் பி. எச். அப்துல் ஹமீத் நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ வானொலியிலே பெயர் பெற்றுப் பின்னர் தமிழகத் தொலைக்காட்சிக்கும் சென்றது. 1990களில் வடபுலம் மின்சாரமின்றி இருளில் மூழ்கியிருந்த காலத்திலே, மிதிவண்டிச் சில்லைச் சுழற்றி, அதன் டைனமோ தந்த மின்னால் வானொலியை இயக்கிப் பாடல் கேட்டோர் பலர். ஒரு பாடலைக் கேட்பதற்காக உடல் வருத்தியவர் அதன் நெளிவு சுழிவுகளை இலகுவில் மறப்பதில்லை. இன்று தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, பாடும் சிறுமியின் சங்கதி பிசகிற்று என்று முணுமுணுக்கும் முதியவருக்குப் பின்னால் இவ்வரலாறு நிற்கின்றது.

தமிழ்ப் பாட்டுப் போட்டியொன்று நடைபெறும் மாலையில் யாழ்ப்பாணத்து வீடொன்றிலே எழும் உரையாடல் பெரும்பாலும் இவ்வாறு அமையும். ‘இரண்டாம் சரணத்திலை சுருதி விட்டிட்டுது’ என்பார் சங்கீதம் கற்ற அக்கா. ‘விட்டால் என்ன மோனை, பிள்ளை உருகியெல்லோ பாடினது. அது காணாதோ?’ என்பார் ஆச்சி. ‘எங்கடை பிள்ளை, ஆச்சி. அது வெல்லத்தான் வேணும்’ என்பான் பேரன். இம்மூன்று கூற்றுக்களும் ஒரே பாட்டைப் பற்றியனவாகத் தோன்றினும் உண்மையில் வெவ்வேறு மூன்று பொருள்களைப் பற்றியனவே. முதலாவது கலையைப் பற்றியது. இரண்டாவது கேட்டவரின் நெஞ்சைப் பற்றியது. மூன்றாவது உறவைப் பற்றியது. வீட்டு நடுவரிடையே மூளும் பிணக்குகளிற் பெரும்பாலானவை இம்மூன்றையும் ஒன்றெனக் கொள்வதாலேயே விளைகின்றன.

கலையைப் பற்றிய தீர்ப்பே மூன்றினுள்ளும் உறுதியானதாகத் தோன்றும். சுருதியும் இலயமும் அளந்தறியக் கூடியன. மூச்சு எங்கே முறிந்தது, சொல் எங்கே சிதைந்தது என்பனவும் காட்டக்கூடியன. ஆயினும் வீட்டுக்கு வந்து சேரும் ஒலி மேடையில் எழுந்த ஒலியே என்று கொள்ளமுடியாது. 2010இல் பிரித்தானியாவின் ‘தி எக்ஸ் ஃபாக்டர்’ நிகழ்ச்சியிலே, பாடியோர் சிலரின் குரல் சுருதி திருத்தும் கருவியினூடாகச் செப்பனிடப்பட்டு ஒளிபரப்பப்பட்டமை வெளியாகிப் பெருங் கண்டனத்துக்குள்ளாயிற்று. அத்தகைய திருத்தம் செய்யப்படாத இடத்திலுங்கூட ஒலிப்பொறியியலாளரின் கை குரலுக்கும் செவிக்கும் இடையில் உண்டு. ஆகவே, அக்காவின் தீர்ப்பும் சற்று அடக்கத்தோடு வழங்கப்படவேண்டியதே.

இன்னோர் இடரும் உண்டு. போட்டியிற் பாடப்படுவன பெரும்பாலும் ஏலவே புகழ்பெற்ற திரைப்பாடல்கள். எஸ். ஜானகியின் குரலிலோ எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் குரலிலோ ஆயிரம் முறை கேட்ட பாடலை வேறொருவர் பாடும்போது, கேட்போர் தம் நினைவிலுள்ள இசைத்தட்டோடு அதனை ஒப்பிடுகின்றனர். அச்சொட்டாகப் பாடினால் ‘அப்படியே இருக்கிறது’ எனப் புகழ்வர்; சிறிது விலகினால் பிழை என்பர். இதனாற் பாடகர் தம் குரலைத் தேடுவதை விடுத்துப் பிறர் குரலை மீட்கும் பயிற்சியிலே ஈடுபட நேர்கின்றது. போட்டியோ புதுக்குரலைத் தேடுவதாகக் கூறிக்கொள்கின்றது. அதனைக் காண்போரோ பழங்குரலையே வேண்டுகின்றனர்.

தமிழகத்தின் ‘சூப்பர் சிங்கர்’ போட்டி எழுப்பிய விவாதங்கள் இம்முரண்பாட்டைத் தெளிவாக்கும். 2016இல் வெற்றி பெற்ற ஆனந்த் அரவிந்தாக்சன் அதற்கு முன்னரே திரைப்படங்களிற் பாடியிருந்தவர் என்பது பேசுபொருளாயிற்று. அவர் பாட்டிற் குறைகண்டோர் சிலர். அவர் போட்டியிட்டது தகுமா என வினவினோர் பலர். 2018இல் செந்தில் கணேஷ் வென்றபோது வினா வேறு வடிவெடுத்தது. நாட்டார் பாடல் மேடைகளிலே வளர்ந்த அவருடைய குரல் ஒரு வகைப் பாட்டுக்கே பொருந்தும், எனவே பலவகைப் பாடலையும் பாடவல்லாரே வென்றிருக்க வேண்டும் என்றனர் ஒரு சாரார். வயல்வெளியிலும் கோயில் முன்றிலிலும் உருவான குரலும் பயின்ற குரலே என்றனர் மறுசாரார். இரண்டாவது கூற்றே வலிமையுடையது எனலாம். கர்நாடக இசை கற்றவரை நாட்டார் பாடல் பாடச்செய்து, அதில் அவர் சறுக்கினால் ‘ஒரு வகைக்கே பொருந்தும் குரல்’ என்று எவரும் கூறுவதில்லை. அளவுகோல் ஒருபக்கம் சாய்ந்திருப்பதை அளப்பவர் உணர்வதில்லை.

அடுத்து, நெஞ்சின் தீர்ப்பு. ஆச்சியின் கூற்றை அறியாமை என ஒதுக்குதல் தவறு. பாட்டு உருக்குவதற்காகவே பாடப்படுகின்றது. ஆயின் உருக்கியது பாட்டா, பாட்டுக்கு முன்னர்க் காட்டப்பட்ட கதையா என்பதே வினா. போட்டியாளரின் இல்லம், தாயின் கண்ணீர், தந்தையின் தொழில், குடும்பத்தின் வறுமை ஆகியன முன்கூட்டியே காட்டப்படுகின்றன. பாடல் தொடங்குமுன்பே நெஞ்சு இளகிவிடுகின்றது. இளகிய நெஞ்சுக்கு எப்பாட்டும் இனிக்கும். இதன் மறுதலையும் உண்மையே. 2009இல் பிரித்தானியத் தொலைக்காட்சி மேடையொன்றில் சூசன் பாயில் என்னும் ஸ்கொட்லாந்துப் பெண்மணி, வயது நாற்பத்தேழு, பாட வந்து நின்றபோது அவரது தோற்றத்தைக் கண்டு அவையினர் ஏளனமாக நகைத்தனர். பாடத் தொடங்கியதும் அவ்வவையே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. அவர் குரலை வியந்தோர், தாம் அதற்கு முன்பு எதனைக்கொண்டு அவரை அளந்தனர் என்பதையும் எண்ணியிருத்தல் வேண்டும்.

மூன்றாவதாகிய உறவின் தீர்ப்பே இலங்கைத் தமிழரை ஆழமாகத் தொடுவது. 2015இல் நடைபெற்ற ‘சூப்பர் சிங்கர் ஜூனியர்’ இறுதிப்போட்டியிலே ஸ்பூர்த்தி முதலிடம் பெற்றார். இரண்டாமிடம் பெற்ற ஜெசிக்கா யூட், கனடாவில் வாழும் ஈழத்துக் குடும்பமொன்றின் பிள்ளை. பரிசாகக் கிடைத்த பொன்னைத் தமிழகத்திலும் ஈழத்திலும் உள்ள ஆதரவற்ற சிறார்க்கு அளிப்பதாக மேடையிலேயே அறிவிக்கப்பட்டபோது, கடல் கடந்து வாழ்வோரும் தாயகத்தில் வாழ்வோரும் ஒருங்கே கண்கலங்கினர். 2023இல் ‘சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்’ போட்டியிலே யாழ்ப்பாணம் அரியாலையைச் சேர்ந்த கில்மிசா முதற்பரிசு பெற்றார். அதே மேடையிற் பாடிய அசானி மலையகத்தின் பிள்ளை. மலையக மக்களின் முன்னோர் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்ட 1823ஆம் ஆண்டிலிருந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்தது அவ்வாண்டிலேயே என்பதால், அவர் வருகை ஒரு சமூகத்தின் வருகையாகவே கொள்ளப்பட்டது.

இப்பெருமிதத்தைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. நெடுங்காலமாகச் செய்திகளில் இறந்தோர் தொகையாகவும் இடம்பெயர்ந்தோர் தொகையாகவுமே தோன்றிய ஒரு மக்கள் கூட்டம், தன் பிள்ளையொருத்தி பாட்டால் பேசப்படுவதைக் கண்டு களிப்பது இயல்பு. எனினும், அக்களிப்பும் பாட்டைப் பற்றிய கருத்தும் ஒன்றல்ல. ‘எங்கடை பிள்ளை’ என்ற சொல்லோடு செவி மூடிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அப்பிள்ளை பாடிய பாட்டில் எது சிறந்தது எனக் கேட்டால், உரத்துக் கைதட்டியோரிற் பலர் விடை கூறார். குறையொன்றை மெல்லச் சுட்டினும் அது துரோகமெனக் கொள்ளப்படும். தன் இனத்தவரால் இவ்வாறு போற்றப்படும் சிறுமி உண்மையிற் கேட்கப்படுகிறாளா? அவள் கற்ற சுவரம், காத்த மூச்சு, பல நாள் முயன்று பிடித்த ஒரு கமகம் ஆகியன எவராலும் கவனிக்கப்படாமல், அவள் பிறந்த ஊரின் பெயரே புகழப்படுகின்றது. இது புகழின் உருவில் வரும் புறக்கணிப்பு.

இதற்கும் மேலான பாரம் ஒன்றுண்டு. பத்து, பதினான்கு வயதுப் பிள்ளை ஒரு பாட்டைச் சுமந்து மேடையேறலாம். ஒரு மக்கள் கூட்டத்தின் துயரையும் மானத்தையும் சுமந்து ஏறுதல் எளிதன்று. வென்றால் ‘எங்கள் வெற்றி’. தோற்றாலோ தோல்வி அவளுடையது மட்டுமே. வளர்ந்தோர் தம் விருப்பத்தின் நிறையைச் சிறு தோளில் ஏற்றுமுன் ஒருகணம் தயங்குதல் வேண்டும்.

உறவின் தீர்ப்புக்குப் பயனுள்ள வழியொன்றும் உண்டு. நம்மவர் சென்னை மேடைகளிற் பாடியனவற்றுட் பெரும்பாலானவை தென்னிந்தியத் திரைப்பாடல்களே. எம். ஏ. குலசீலநாதன் போன்றோர் பாடிய வானொலி மெல்லிசையும், நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பரப்பிய தமிழ்ப் பொப் இசையும் இந்நாட்டின் பேச்சையும் கேலியையும் தாளத்தையும் தாங்கியவை. ‘எங்கடை பிள்ளை’ என்று பெருமைப்படுவோர் ‘எங்கடை பாட்டு’ எது என்றும் வினவுவரேல், அப்பிள்ளைகள் திரும்பிவந்து பாடுவதற்கு ஊரிலே ஒரு மேடை உருவாகும். அயல் மேடையிற் கிடைக்கும் கிரீடத்தைக் கொண்டாடுவதோடு உறவு நின்றுவிடுமாயின், அடுத்த போட்டி தொடங்கும்போது அடுத்த பிள்ளையைத் தேடுவதன்றி வேறொன்றும் எஞ்சாது.

போட்டியின் முடிவு பாடகரின் முடிவன்று. 2004இல் ‘அமெரிக்கன் ஐடல்’ போட்டியிலே ஏழாமிடத்தோடு வெளியேறிய ஜெனிபர் ஹட்சன், 2007இல் ‘ட்ரீம்கேள்ஸ்’ திரைப்படத்துக்காக ஒஸ்கார் விருது பெற்றார். அன்று அவருக்கு வாக்களியாதோரையும் குற்றங்கூறுவதற்கில்லை; ஓரிரவின் பாட்டு ஓரிரவுக்கே சான்று. ஆதலின், வீட்டு நடுவர் தம் தீர்ப்பைக் கைவிடவேண்டியதில்லை; அது எதன்மேல் வழங்கப்படுகின்றது என்பதை அறிந்து வழங்கினாற் போதும். அக்கா பிழையைக் கூறட்டும், ஆச்சி உருகட்டும், பேரன் பெருமை கொள்ளட்டும். ஆனால் பாடல் ஒலிக்கும் அந்நான்கு நிமிடங்களுக்கு மூவரும் வாய்மூடிச் செவி கொடுப்பாராயின், தூரத்து மேடையிலே தனித்து நின்று பாடும் பிள்ளைக்கு அதைவிடச் சிறந்த மரியாதை வேறில்லை.