உடைந்த வளையலும் நடுங்கும் கையும்



ஆடிப்பூரத்துக்கு அம்பாளுக்குச் சாத்தின கண்ணாடி வளையல்களைப் பக்தர்களுக்குப் பிரசாதமா கொடுத்து முடிச்சதும், உடைஞ்சது மட்டும் பெட்டியில மிஞ்சும். கூடவே, கரை மட்டும் நல்லா இருக்கிற பழைய பட்டுப்புடவைகள், அறுந்த மணிமாலைகள். குப்பையில போட எங்களுக்கு மனசே வராது.

இந்த வருஷம் தொண்டூழியர்கள் நாங்க அதையெல்லாம் நம்ம முதியோர் குழு முன்னாடி பரப்பி வச்சோம். வளையல் துண்டுகளோட கூர்முனையை முதல்லயே உப்புத்தாள்ல தேய்ச்சு எடுத்துட்டோம். பெரிய பிளைவுட் பலகையில மயில் ஒண்ணு செய்யணும். இதுதான் திட்டம்.

ஜொகூர் பாரு ராஜகாளியம்மன் கோயிலுக்குப் போயிருப்பீங்க. சுமார் 3 லட்சம் கண்ணாடித் துண்டுகள் பதிச்ச கோயில். ஒரே கண்ணாடியா இருந்தா அந்த மினுமினுப்பு வராது. ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு பக்கம் சாய்ஞ்சு ஒளியை வாங்குறதாலதான் அந்த அழகு. எங்களுக்கு யோசனை வந்ததும் அங்கிருந்துதான்.

ஆனா ஒரு அம்மா கேட்டாங்க: "தம்பி, உடைஞ்சதைக் கோயில்ல மாட்டலாமா? பின்னம்னு சொல்வாங்களே?"

நியாயமான கேள்வி. குருக்களையே கேட்டோம். "அந்த விதி பூஜை பண்ற மூர்த்திக்கும்மா. அலங்காரப் பலகைக்கு இல்லை" என்றார்.

அப்போ பின்வரிசையில இருந்து ஒரு குரல்: "அப்போ என் கை?"

பல வருஷமா அம்பாளுக்கு மாலை கட்டின ஐயா அவர். பக்கவாதம் வந்த பிறகு வலது கை நடுங்குது. பூவைத் தொடுறதையே விட்டுட்டார். கோயிலுக்கு வந்தாலும் ஓரமா உட்கார்ந்துட்டு, தீபாராதனை முடிஞ்சதும் கிளம்பிடுவார்.

எங்களுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. பக்கத்துல இருந்த அம்மாதான் பசை டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினாங்க: "நீங்க தோகையை ஒட்டுங்க ஐயா."

கை நடுங்க நடுங்க ஒட்டினார். பச்சை வளையல் துண்டுகள் நேர்கோட்டுல நிக்கல. ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. ஆனா தூரத்துல நின்னு பார்த்தப்போ, காத்துல அசையிற தோகை மாதிரியே இருந்தது. மயில் கழுத்துக்கு, சாயம் வெளுத்த ஊதாப் பட்டு. நீலமும் சாம்பலும் கலந்த அந்த நிறம் புதுப் பட்டுல கிடைக்காது. பல வருஷம் உடுத்தித் துவைச்சாதான் வரும்.

நம்ம கோபுரச் சிற்பங்களும் அப்படித்தானே? சுதையும் வண்ணமும் வெயில்ல வெளுக்கும், மழையில விரிசல் விடும். சுமார் 12 வருஷத்துக்கு ஒருமுறை திருப்பணி செஞ்சு, குடமுழுக்கு நடத்துறோம். 1827ல் தொடங்கின சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்கு 2023 பிப்ரவரியில நடந்தது. விரிசல் விட்ட கோபுரத்தை நாம ஒதுக்குறதில்ல. பெரியவங்களை மட்டும் "நீங்க சும்மா உட்காருங்க"ன்னு ஓரமா வச்சிடுறோம். அன்பாதான் சொல்றோம். ஆனா அவங்க காதுல "உங்களால ஆகாது"ன்னுதான் விழுது.

மயில் இப்போ அன்னதான மண்டபத்துச் சுவர்ல இருக்கு. அந்த ஐயா மறுபடியும் மாலை கட்ட உட்கார்ந்திருக்கார். ரொம்ப மெதுவாதான் கட்டுறார். அதனால பூஜைக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துடுறார்.

அடுத்த பலகை தாமரை. உடைஞ்ச வளையல், பழைய பட்டுக்கரை இருந்தா கொண்டு வாங்க. சாமி படங்கள் மட்டும் வேண்டாம். வீட்டுப் பெரியவங்களையும் கண்டிப்பா அழைச்சிட்டு வாங்க. "எனக்கு எதுக்குப்பா"ன்னு சொன்னாலும் அழைச்சிட்டு வாங்க.

ஓம் சக்தி.
அன்புடன், கோயில் தொண்டூழியர்கள்