மிச்சம் வைக்கும் இறுக்கம்

அக்காவின் காலை நீட்டிவிடுவதில்தான் என் பொழுது விடிகிறது. அவளுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று தெரிந்து ஒன்பது வருடங்களாகின்றன. நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மையலின் உறையை உடலின் தற்காப்பே அரிக்கும் நோய். தளர்ந்துகொள் என்று மூளை அனுப்பும் ஆணை முழுமையாகக் கீழே சென்று சேர்வதில்லை. தசை இறுகியே கிடக்கிறது.

தொடக்கத்தில் அந்த இறுக்கத்தோடு நான் மல்லுக்கு நின்றேன். பாதத்தைப் பிடித்து வெடுக்கென்று தள்ளுவேன். கால் படபடவென்று உதறும். அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள். வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் என் கையை மெல்ல விலக்கினார். வேகமாக இழுத்தால் தண்டுவடம் தசையை மேலும் சுருக்கும். மெதுவாக நீட்டி அரை நிமிடமாவது அப்படியே பிடித்திருக்க வேண்டும் என்றார்.

இப்போது குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, முழங்கால் மடங்காமல், பாதத்தை அவள் முகத்தை நோக்கிச் சாய்த்து முப்பது எண்ணுகிறேன். இருபதைத் தாண்டும்போது கெண்டைக்கால் விட்டுக்கொடுப்பது கைக்குத் தெரிகிறது. வெயில் ஏறுமுன் முடித்துவிடுவோம். உழைப்புக்குப் பின் இந்நோயாளிகளின் பார்வை மங்குவதை ஊட்டாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் 1890இல் பதிவுசெய்தார். உடற்சூடே காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று.

ஒருமுறை பாக்லோஃபென் மாத்திரையின் அளவைக் கூட்டியதும் கால்கள் முற்றிலும் தளர்ந்தன. நான் மகிழ்ந்தேன். எழுந்து நிற்க முயன்ற அக்கா துவண்டு கட்டிலில் சரிந்தாள்.

"எல்லாத்தையும் எடுத்துடாதேடா. அதை வெச்சுத்தான் நான் நிக்கிறேன்."

மருத்துவர் அளவைக் குறைத்தார். எவ்வளவு இறுக்கத்தை மிச்சம் வைப்பது என்பதை இப்போது அவள்தான் சொல்கிறாள். நான் எண்ணுவதோடு சரி.