பலகை மேல மீனு... பாம்பன்ல நானு!

ஹாஸ்டல் மெஸ்ஸுல மீன் குழம்புன்னு ஊத்துவாங்களே, அதுல மீனைத் தேடித் தேடியே மூணு வருஷத்தை ஓட்டினவரா நீங்க? அப்ப இது உங்களுக்குத்தான்.

பொங்கல் லீவுக்கு அம்மா பொறந்த ஊரான பாம்பனுக்குப் போயிருந்தேன். பாம்பன்னாலே உங்களுக்குப் பாலம்தான் ஞாபகம் வரும். 1914-ல இருந்து ரயிலைச் சுமந்த பழைய பாலம் 2022 டிசம்பரோட ஓய்வுக்குப் போயிடுச்சு. 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலத்துல, கப்பல் வந்தா நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி நேரா மேல ஏறும். ஆனா ஊர்க்காரங்களுக்குப் பாலத்தைவிட முக்கியம், அதோட ரெண்டு பக்கமும் கிடக்கிற கடல். வடக்கே பாக் விரிகுடா, அது 'வடகடல்'. தெற்கே மன்னார் வளைகுடா, அது 'தென்கடல்'. வாடைக்காத்து அடிக்கிற தை மாசத்துல வடகடல் மல்லுக்கு நிக்கும். தென்கடல் ஓரளவு அடங்கிக் கிடக்கும்.

என் தாய்மாமா வள்ளம் வெச்சிருக்கார். "ஒரு ராத்திரி என்னையும் கூட்டிட்டுப் போங்க மாமா"ன்னு அஞ்சு வருஷமா கேட்கிறேன். "படிக்கிற புள்ளைக்குக் கடல்ல என்ன வேலை?" இதான் பதில். இந்த வாட்டி ஒரு பிளானோட போனேன். "மாமா, மரப்பலகையில வெச்சு மீன் சுட்டுத் தர்றேன்." சிரிச்சார். "மரத்துல மீனா? வா, பாப்போம்!"

நான் ஒண்ணும் புதுசா கண்டுபிடிக்கலீங்க. வட அமெரிக்காவோட பசிபிக் கரைப் பழங்குடி மக்கள் சீடர் பலகையில சால்மன் சுடறதுக்குப் பேர் போனவங்க. பின்லாந்துல மீனைப் பலகையில அறைஞ்சு, நெருப்புக்குப் பக்கத்துல நிறுத்தி வெச்சே வேக வைக்கிறாங்க. விஷயம் இதுதான்... மீன் சதை ரொம்ப மென்மை. கம்பி வலையில போட்டுத் திருப்பினா பாதி ஒட்டிக்கும், மீதி நெருப்புல விழும். பலகையில திருப்பவே வேணாம். கீழே சூடு, மேலே மூடி, கூடவே மரத்தோட புகை வாசம்.

பலகைக்கு எங்க போறது? ஊர்ல படகு கட்டுற ஓடாவி ஒருத்தர்கிட்ட போனேன். படகுல இருந்து கழட்டின பழைய பலகையைத் தொடவே விடல. "பெயின்ட், எண்ணெய் எல்லாம் ஊறிக் கிடக்கும்டா, விஷம்"னுட்டார். பச்சையா அறுத்த மாமரத் துண்டு ரெண்டு கொடுத்தார். காசு கேட்டா கையை ஆட்டிட்டார். "இப்ப எல்லாம் ஃபைபர் போட்டு. மரம் கேட்டு யார் வர்றா?" 2004 சுனாமிக்கு அப்புறம் நம்ம கரை பூரா ஃபைபர் படகு பெருகினதை நீங்களும் பார்த்திருப்பீங்க. மாமாவோட மர வள்ளம் என்னைவிட மூத்தது. அதையும் இந்த வருஷம் கொடுத்துட்டு ஃபைபருக்கு மாறப்போறாராம்.

சாயங்காலம் கிளம்பி, வலையை விட்டுட்டு நங்கூரம் போட்டோம். தூரத்துல குருசடைத் தீவு கறுப்புக் கோடு மாதிரி தெரிஞ்சது. மன்னார் வளைகுடாவோட 21 தீவுகளும் கடல்வாழ் தேசியப் பூங்கா. அனுமதி இல்லாம கால் வைக்க முடியாது. அதனால சமையல் வள்ளத்துலயேதான். பாதியா வெட்டின தகர டின்னுல மணல், அதுக்கு மேல ராமநாதபுரம் ஸ்பெஷல் சீமைக்கருவேலங் கரி. அதான் அடுப்பு. மாமா பையன், என் வயசு மச்சான், கைத்தூண்டில் போட்டான்.

முதல்ல ரெண்டு சின்ன மீனை வெச்சேன். பலகை ஊறினது வெறும் பதினஞ்சு நிமிஷம். புகை வந்துச்சு... ஆஹான்னு நினைக்கறதுக்குள்ள பலகையே பத்திக்கிச்சு! மர வள்ளத்துல தீ! மாமா ஒரு வாளி கடல் தண்ணியை அப்படியே கொட்டினார். அடுப்பு, மீன், என் மானம் எல்லாம் அவுட். அவர் திட்டலைங்க. "தீ பிடிச்சா இங்க எங்க ஓடுவ மருமகனே?"ன்னு மெதுவா கேட்டார். அதுக்குத் திட்டியே இருக்கலாம்.

தெர்மோடைனமிக்ஸ்ல நான் அரியர் இல்லாம பாஸ் பண்ணவன். ஆனா அப்பதான் புரிஞ்சது. ஒரு கிலோ தண்ணியை 30 டிகிரியில இருந்து 100 டிகிரிக்குக் கொண்டு வர சுமார் 293 கிலோஜூல் போதும். அதையே ஆவியாக்க சுமார் 2,257 கிலோஜூல் வேணும். மரத்துக்குள்ள தண்ணி இருக்கற வரைக்கும் சூட்டை அது குடிச்சுக்கும், பலகை பத்தாது. தண்ணி தீர்ந்தா மரம் வெறும் விறகு!

ரெண்டாவது பலகையைக் கயித்துல கட்டி ரெண்டு மணி நேரம் கடலுக்குள்ளேயே தொங்க விட்டேன். அதுக்குள்ள மச்சான் தூண்டில்ல ஒரு விளைமீன். ஒன்றரைக் கிலோ இருக்கும். கரையில ஐந்நூறு ரூபாய்க்குக் குறையாது. அன்னிக்கு அதைவிடப் பெருசா எதுவும் மாட்டல. "இது வேணாம் மாமா, சின்னதா ஏதாவது..."ன்னேன். மாமா காதுலயே வாங்கல. முதுகைக் கீறி விரிச்சு, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி என் கையில கொடுத்தார்.

அரை மணி நேரம். தட்டை வெச்சு மூடி, பக்கத்துலயே வாளித் தண்ணியோட காவல். மூடியைத் திறந்தா... சும்மா சொல்லக்கூடாது பாஸ், மாமரப் புகையோட சதை அப்படியே இதழ் இதழா பிரியுது! நாலு பேரும் பலகையைச் சுத்தி உட்கார்ந்து தின்னோம். தூரத்துல பாலத்து மேல ரயில் ஒண்ணு வெளிச்சக் கோடா போச்சு.

"ஐந்நூறு ரூபாயைத் தின்னுட்டோமே மாமா?"

"கரைக்குப் போனா அது காசு. இங்க இருக்கற வரைக்கும்தான் அது மீனு. தின்னு."

விடியல்ல வலை வாங்கினா, டீசல் காசுதான் தேறும்போல. மாமா ஒரு வார்த்தை பேசல. மச்சான் மட்டும் கருகின பலகையைக் கழுவி என் பையில வெச்சான். "காலேஜுக்கு எடுத்துட்டுப் போடா."

நீங்களும் பண்ணுங்க. ஆனா படகுல வேணாம், வீட்டு மொட்டை மாடி போதும். பெயின்ட் படாத மாமரப் பலகை, ரெண்டு மணி நேர ஊறல், பக்கத்துல ஒரு வாளி தண்ணி. அடுத்த தடவை மார்க்கெட்ல மீன்காரம்மாகிட்ட பேரம் பேசறப்போ அந்த விளைமீனைக் கொஞ்சம் நினைச்சுக்குங்க. நான் பேரம் பேசறதையே விட்டுட்டேன்!