மூணு உயிரும் முப்பது உயிரும்

மேல, மேல, கீழ, கீழ, இடது, வலது, இடது, வலது, பி, ஏ!

இதைப் படிச்சதும் உங்க கட்டைவிரல் தானா அசைஞ்சிருந்தா, நீங்க நம்ம ஆளு. அசையலைன்னா வீட்டுல இருக்கற அண்ணன்கிட்டயோ சித்தப்பாகிட்டயோ கேட்டுப் பாருங்க. 'கான்ட்ரா' கேம்ல மூணு லைஃபை முப்பது லைஃபா மாத்தற மந்திரம் அது.

ஜப்பான்ல கொனாமி கம்பெனி 1987-ல காசு போட்டு ஆடற ஆர்கேடு மெஷினுக்காக உருவாக்கின கேம் கான்ட்ரா. அடுத்த வருஷமே டிவியில மாட்டி ஆடற வடிவம் வந்துடுச்சு. நம்ம பக்கம் அது ஒரிஜினலா வந்து சேரலை. நின்டெண்டோ பெட்டியைப் பார்த்து அடிச்ச மலிவு விலைப் பெட்டி, அதுல சொருகற கேசட், கேசட் அட்டையில லட்சக்கணக்குல கேம் இருக்கறதா ஒரு நம்பர். உள்ள போனா அதே பத்துப் பதினஞ்சு கேம்தான் வேற வேற பேர்ல திரும்பத் திரும்ப நிக்கும். நம்ம ஊர் ஹோட்டல் மெனு கார்டு மாதிரி!

எனக்குக் கான்ட்ரா அறிமுகமானது 2002-ல, கள்ளக்குறிச்சியில. அப்போ அது விழுப்புரம் மாவட்டத்துல இருந்த ஊர். தனி மாவட்டம் ஆனது 2019-லதான். ஒரு வீட்டோட முன் ரூம்ல ரெண்டு டிவி, ஒரு பெஞ்சு. அவ்வளவுதான் கடை. அங்கே ரெண்டு ரேட் உண்டு. ஒரு மணி நேரத்துக்குப் பத்து ரூபா. காசு கம்மின்னா 'ஒரு ஆட்டம்' ஒரு ரூபா: மூணு லைஃப் போச்சுன்னா எந்திரிச்சிடணும், கன்டினியூ கிடையாது, மந்திரம் கூடவே கூடாது. 'முப்பது லைஃப் போட்டுக்கிட்டு ஒரு ரூபாய்க்கு ராத்திரி வரைக்கும் உக்காந்திருப்பீங்க. நான் கடையை மூடிட்டுப் போறதா?'ன்னு கடைக்கார அண்ணன் கேப்பார்.

அந்த அண்ணன் போட்ட ரூல்தான் ஆர்கேடு டிசைனோட மொத்த சூத்திரமும்னு பல வருஷம் கழிச்சுத்தான் எனக்குப் புரிஞ்சுது. ஒரு காசு போட்டா ரெண்டு மூணு நிமிஷத்துல ஆள் செத்துடணும். செத்தவன் கடுப்பாகி வீட்டுக்குப் போயிடவும் கூடாது, 'சே, இன்னும் கொஞ்சம்தான்'னு அடுத்த காசைத் தேடணும். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற மெல்லிசான கோட்டுலதான் இந்த கேம் எல்லாம் நடந்துச்சு.

நான் மணிக்கணக்கு ஆள். பத்து ரூபாயை ரெண்டு பேர் பங்கு போட்டு, மந்திரம் போட்டு, முப்பது உயிரையும் தண்ணியா செலவழிச்சு ஆடுவேன். என் கிளாஸ்ல வெள்ளிமலைப் பக்கத்துலேர்ந்து வந்து ஹாஸ்டல்ல தங்கிப் படிச்ச ஒருத்தன் இருந்தான். 'மலை'ன்னுதான் கூப்பிடுவோம். அவன் ஒரு ரூபா ஆளு. அதுவும் தினம் கிடையாது. மத்த நாளெல்லாம் பெஞ்சு ஓரத்துல உக்காந்து வேடிக்கை. மூணு வாரம் பார்த்தான். நாலாவது வாரம் ஒரு ரூபா குடுத்து உக்காந்தான்... மூணு லைஃப்ல அஞ்சாவது ஸ்டேஜ் பனிக்காடு வரைக்கும் போயிட்டான்! முப்பது லைஃப் வச்சிருந்த நான் அதுவரைக்கும் பார்த்தது நாலாவது ஸ்டேஜ் வரைக்கும்தான்.

'எப்படிடா?'

'குண்டு எங்கேர்ந்து வரும்னுதான் தெரியுமே. அப்புறம் என்ன?'

யோசிச்சுப் பார்த்தா அதுதான் விஷயம். கான்ட்ராவுல உங்க மேல ஒரே ஒரு குண்டு பட்டாலும் காலி. கேக்க அநியாயமா இருக்கும். ஆனா எதிரியோட குண்டு மெதுவாத்தான் வரும். பீரங்கியெல்லாம் எப்பவும் அதே இடத்துல நிக்கும். முதல் ஸ்டேஜ்ல ஓடும்போது பாலம் காலடியிலேயே வெடிக்கும், ஞாபகம் இருக்கா? முதல் தடவை அலறிடுவோம். ஆனா அந்தப் பாலத்துலேர்ந்து விழுந்தா கீழே தண்ணி, உயிர் போகாது. 'தம்பி, இந்த ஊர்ல தரையை நம்பாதே'ன்னு பைசா வாங்காம ஒரு பாடம். மூணாவது ஸ்டேஜ்ல விழுந்தா அதே விஷயத்துக்கு ஒரு லைஃப் காலி.

செத்த அடுத்த செகண்டு 'ஏன் செத்தோம்'னு ஆடினவனுக்குத் தெரியணும். தெரிஞ்சா அது நல்ல கேம். தெரியலைன்னா அது வெறும் உண்டியல். இது என்னோட அளவுகோல். இதே வேகத்துல அளந்தா கான்ட்ராவுக்கும் ஒரு குட்டு உண்டு. கஷ்டப்பட்டுப் பிடிச்ச 'எஸ்' கன், விசிறி மாதிரி குண்டு பாயுமே அது, செத்தா கையைவிட்டுப் போயிடும். உயிர் போனவன்கிட்ட துப்பாக்கியையும் பிடுங்கிட்டு, ஏற்கெனவே தடுமாறின அதே இடத்துல வெறும் சாதா துப்பாக்கியோட நிறுத்தறது என்ன நியாயம்? நல்லா ஆடறவனுக்கு ஈஸி, திணறறவனுக்கு இன்னும் கஷ்டம்!

இந்த வகைக்கெல்லாம் தாத்தா 1978-ல டைட்டோ கம்பெனி விட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்'. உருவாக்கினவர் டொமோஹிரோ நிஷிகாடோ. அஞ்சு வரிசையில 55 வேற்றுக்கிரக ஜந்துக்கள் இறங்கி வரும். சுடச்சுட மிச்சம் இருக்கறதோட வேகம் ஏறிக்கிட்டே போகும். அந்த மெஷினோட சிப்பால 55 உருவத்தையும் வேகமா நகர்த்த முடியலை. ஜந்து குறையக் குறைய வேலை குறைஞ்சு ஓட்டம் பிடிச்சுது. நிஷிகாடோ அதைக் குறைன்னு சரி பண்ணாம அப்படியே விட்டுட்டார். நீங்க ஜெயிக்கறதுதான் உங்களுக்கு எதிரி. இதைவிட அழகா ஒரு கஷ்டத்தை உக்காந்து யோசிச்சாலும் பிடிக்க முடியாது.

முப்பது லைஃப் மந்திரத்தோட பிறந்த கதையும் சுவாரஸ்யம். அதை முதல்ல வச்சது கான்ட்ராவுல இல்ல, 'கிரேடியஸ்'ங்கற விமானச் சண்டை கேம்ல. கொனாமியில வேலை பார்த்த கஸுஹிசா ஹஷிமோட்டோ அதை வீட்டு டிவிக்கு மாத்தினார். அந்த வடிவம் 1986-ல வந்துச்சு. சோதிச்சுப் பார்க்க அவரே ஆடணும். ஆனா அவராலயே தாக்குப்பிடிக்க முடியலை! அதான் ஒரு பட்டன் வரிசையைத் தட்டினா ஆயுதமெல்லாம் மொத்தமா கிடைக்கற மாதிரி தனக்குன்னு வச்சுக்கிட்டார். எடுக்காம விட்டதால உலகமே தட்டுச்சு. 2020-ல அவர் இறந்தப்போ நான் மலைக்கு போன் பண்ணினேன். 'பார்த்தியா, செஞ்சவருக்கே தேவைப்பட்டிருக்கு. எனக்கு மட்டும் கூடாதா?' அவன் மசியலை. 'அவருக்கு அது வேலைடா, உனக்கு ஆட்டம்'னுட்டான்.

90-கள்ல இந்த கேம்கள் வேற திசையில போச்சு. கேவ் கம்பெனியோட 'டோன்பாச்சி' (1995) மாதிரி கேம்கள்ல ஸ்கிரீன் முழுக்கக் குண்டா பொழியும். பார்த்தாலே தலை சுத்தும். ஆனா உங்க விமானத்துல பட்டா சாகற இடம் நடுவுல ஒரு துளிதான். றெக்கையை உரசிட்டுப் போனா ஒண்ணும் ஆகாது. எத்தனை குண்டுங்கறது கணக்கே இல்ல, நடுவுல எவ்வளவு சந்து விட்டிருக்கான்கறதுதான் கணக்கு.

சரி, கான்ட்ராவோட மூணாவது ஸ்டேஜுக்கு வருவோம். அருவி! பாறை பாறையா மேல தாவிப் போகணும். ஸ்கிரீன் மேல மட்டும்தான் நகரும். கீழ நழுவினா அங்கே தரையே இல்ல. ரெண்டு பேர் ஆடும்போதுதான் இங்கே வில்லங்கம். ஒருத்தன் அவசரப்பட்டு மேல ஏறினா ஸ்கிரீனும் கூடவே ஏறும், கீழ நிக்கறவன் செத்துடுவான். எதிரி சுட்டு இல்ல, நண்பன் தாவி! எத்தனை நட்பு அந்த அருவியில அடிச்சுக்கிட்டுப் போயிருக்கும்னு நினைக்கறீங்க? நானே மலையை அங்கே நாலஞ்சு தடவை கொன்னிருக்கேன். எனக்கென்ன, முப்பது உயிர். மந்திரம் ரெண்டு பேருக்கும்தான், ஆனா அவன் ஒவ்வொண்ணுக்கும் முறைப்பான்.

அந்த வருஷம் ஒரு லீவுல அவன் ஊருக்குப் போனேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டிக் கல்வராயன் மலைமேல ஏறற ரோடு. மறுநாள் மேகம் அருவிக்குக் கூட்டிட்டுப் போனான். வழியெல்லாம் வழுக்குப் பாறை. முன்னால போறவன் ஒவ்வொரு பாறையிலயும் நின்னு, நான் கால் வைக்கற வரைக்கும் பார்த்துட்டுத்தான் அடுத்ததுக்குத் தாவினான். 'ஸ்கிரீன் ஏறிடும்ல'ன்னு ஒரே சிரிப்பு வேற.

இப்போ கான்ட்ரா போன்லயே ஆடலாம். நினைச்ச இடத்துல சேவ் பண்ணலாம், செத்தா பின்னோக்கி ஓட்டிக்கலாம். அப்போ கரன்ட் போச்சுன்னா எட்டாவது ஸ்டேஜ்லேர்ந்து நேரா முதல் ஸ்டேஜ்தான். முழுசா தெரிஞ்சவன் அரை மணி நேரத்துல முடிச்சிடற கேம் அது. எங்களுக்கு ஒரு வருஷம் ஓடுச்சு. மலை இன்னமும் சேவ் பட்டனைத் தொட மாட்டேங்கறான். நான் தொடுவேன். இந்தப் பஞ்சாயத்து தீரலை.

ஒண்ணுல மட்டும் ரெண்டு பேருக்கும் உடன்பாடு. அருவி உச்சியில ஒரு பெரிய சிலை ரெண்டு கையையும் ஆட்டிக்கிட்டு நிக்குமே, அது வாயைச் சுடறதுக்கு முன்னாடி கை ரெண்டையும் காலி பண்ணணும். இடது கை எனக்கு, வலது கை அவனுக்கு.