மூன்று சுற்றும் 195 மீட்டரும்

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். மூன்று முறை சுற்றினால் 42. ஓட்டப் பழக்கம் உள்ள நாலு பேர் இந்த ஊரில் டீ குடிக்க உட்கார்ந்தால் இந்தக் கணக்கு எப்படியும் பேச்சில் வந்துவிடும். எங்களுக்கும் வந்தது. பௌர்ணமிக் கூட்டம் இல்லாத ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை, விடிய நெடுநேரம் இருக்கும்போதே ராஜகோபுரத்துக்கு எதிரே கூடிவிட்டோம். கட்டணம் இல்லை, நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் இல்லை, பதக்கம் இல்லை. தண்ணீர்க் கேனும் கடலைமிட்டாயும் ஏற்றிய ஒரு பழைய மொபெட்தான் மொத்த ஏற்பாடும்.

இந்த மாதிரி ஓட்டத்துக்கு நம் பக்கத்திலேயே முன்னோடி உண்டு. 2008இல் தொடங்கிய ஆரோவில் மாரத்தானில் செம்மண் தடத்தில் மரங்களுக்கு நடுவே ஓடலாம்; பரிசும் கிடையாது, முதலில் வந்தவர் யார் என்ற கேள்வியும் கிடையாது. அண்ணாமலையிலும் அப்படி ஒரு மண்தடம் உண்டு. மலையடிவாரத்தை ஒட்டிக் காட்டுக்குள் போகும் உள்வழிப் பாதை. ஆனால் வனத்துறை அதில் ஆளை விடுவதில்லை. காட்டுத்தீயில் இந்த மலை பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் அதற்காகச் சண்டைக்குப் போக மாட்டார்கள். ஆகவே எங்களுக்குக் கிடைத்தது தார்ச்சாலைதான். முழங்கால் கெஞ்சினால் ஓரத்து மண்ணில் இறங்கிக்கொள்ளலாம்.

கிரிவலத்துக்கென்று சில வழக்கங்கள் உண்டு. மலை எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். விளையாட்டு அரங்கத்தில் இதற்கு நேர் எதிர், அங்கே இடக்கைப் பக்கம்தான் உள்வட்டம். அடுத்தது, சாலையின் இடது ஓரமாகவே போக வேண்டும். மலையை ஒட்டிய வலது ஓரம் சித்தர்களும் தேவர்களும் நடக்கும் இடம் என்பார்கள். மூன்றாவது வழக்கம்தான் எங்களுக்கு இடித்தது. நிறைமாதக் கர்ப்பிணியான அரசி நடப்பதுபோல அடிமேல் அடி வைத்து நடக்க வேண்டுமாம். 1896இல் இந்த ஊருக்கு வந்த ரமணர், அன்பர்களோடு வலம் போன காலத்தில் வழியில் தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, ஒரே சுற்றுக்கு நாள்கணக்கில் எடுத்துக்கொண்டதும் உண்டு. நாங்களோ கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் என்று கைக்கடிகாரத்தில் குறித்துக்கொண்டு கிளம்பியவர்கள்.

அக்னி லிங்கம் தாண்டிச் செங்கம் சாலையில் ஓடும்போது, திண்ணையில் போர்வைக்குள் சுருண்டிருந்த ஒரு சாமியார் தலையை மட்டும் நீட்டினார். “இன்னாத்துக்கு சாமி ஓடுறீங்க? மலை எங்க போவப் போவுது?” பதில் சொல்ல மூச்சு இல்லை என்பது வசதியாகப் போயிற்று.

வெறுங்காலோடு எதிர்ப்பட்டவர்களைப் பார்த்தபோது என் விலை உயர்ந்த ஷூ கொஞ்சம் கூசியது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலில் மாரத்தான் ஓடித் தங்கம் வென்றதை உலகம் இன்னும் வியந்து பேசுகிறது. இங்கே பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான பேர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு 14 கிலோமீட்டர் நடக்கிறார்கள். பாட்டிகள்கூட நடக்கிறார்கள், இடுப்பில் பேரனோடு.

சுற்று ஓட்டத்தில் ஓர் ஆபத்து உண்டு. ஓரிடத்தில் தொடங்கி வேறிடத்தில் முடிகிற ஓட்டம் என்றால் வீடு திரும்பவாவது ஓடித்தான் ஆக வேண்டும். இங்கே 14 கிலோமீட்டருக்கு ஒருமுறை நம் அறையும் நம் வண்டியும் ஆவி பறக்கும் இட்லிக் கடையும் கண்ணெதிரே வந்து நிற்கின்றன. முதல் சுற்று முடிந்ததும் பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள். வேறு ஊராக இருந்தால் பந்தயத்தைப் பாதியில் விட்டவர்கள் என்று பெயராகியிருக்கும். இங்கே அவர்களுக்கு அந்தக் கவலையே இல்லை. ஒரு சுற்று என்றால் ஒரு முழுக் கிரிவலம். குறையொன்றும் இல்லாமல் நெற்றி நிறைய விபூதியோடு பொங்கலுக்கு உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு சுற்றோடு நின்றவர்களுக்கோ இரட்டிப்புப் புண்ணியம். எந்த மாரத்தானிலும் இப்படி ஒரு விதியை நான் கண்டதில்லை.

மூன்றாம் சுற்றில் வெயில் ஏறிவிட்டது. நாங்கள் மூவர், பெரும்பாலும் நடைதான். அரசியின் வேகத்துக்கு உடம்பே வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் அந்த நடையில்தான் மலை கண்ணில் பட்டது. ஊரிலிருந்து பார்த்தால் ஒற்றைச் சிகரமாக நிற்கும் 814 மீட்டர் மலை, குபேர லிங்கத்தை நெருங்கும்போது ஐந்து முகமாகப் பிரிந்து தெரிகிறது. பஞ்சமுக தரிசனம் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். முதல் இரண்டு சுற்றில் அந்தப் பலகையைக்கூட நான் பார்க்கவில்லை.

கோபுர வாசலில் வந்து நின்றபோது ஒரு நண்பர் கேட்டார்: “மாரத்தான் 42.195 ஆச்சே, மிச்சம் 195 மீட்டர்?” 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் அரண்மனையில் தொடங்கி, அரங்கத்தில் அரச குடும்பத்தார் இருக்கைக்கு முன்னால் முடித்ததால் வந்த அளவு அது, 1921இல் அதையே நிரந்தரமாக்கிவிட்டார்கள். எங்கள் கூட்டத்துக் கணக்கு வாத்தியார் அசரவில்லை. சாலை 10 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். உள் ஓரத்தைச் சித்தர்களுக்கு விட்டு வெளி ஓரமாகச் சுற்றினால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 63 மீட்டர் கூடும், மூன்று சுற்றுக்கு 188 என்றார். பாக்கி ஏழு மீட்டர். டீக்கடை அதைவிடத் தூரத்தில்தான் இருந்தது.